வளையத்தில் நான்கு துள்ளல்: கூடைப்பந்தின் வளைவுப் பாதை

2019 மே 12, ரொறன்ரோ. ராப்டர்ஸ் அணிக்கும் பிலடெல்பியா செவன்டி சிக்சர்ஸ் அணிக்கும் நடந்த என்.பி.ஏ. (வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம்) தொடரின் ஏழாவது போட்டி. புள்ளிகள் 90–90. ராப்டர்ஸின் கவாய் லெனார்ட் வலது மூலைக்கு ஓடி, 2.13 மீற்றர் உயரமான ஜோயல் எம்பீடின் நீட்டிய கைக்கு மேலாகப் பந்தை எறிந்தார். அது காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. பந்து வளைய விளிம்பில் நான்கு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. 92–90. அந்த ஆண்டு கிண்ணத்தையும் ராப்டர்ஸ் எடுத்தது.

அதிர்ஷ்டம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் தட்டையாக வந்த பந்தாக இருந்திருந்தால் முதல் துள்ளலிலேயே மைதானத்துக்குத் தெறித்திருக்கும். எம்பீடின் கையைத் தாண்டவேண்டும் என்பதற்காக லெனார்ட் வழக்கத்தைவிட உயர்த்தி எறிந்தார். உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் பந்துக்கு முன்னோக்கிய வேகம் குறைவு. விளிம்பில் பட்டாலும் அது பெரும்பாலும் மேலேதான் எழும்பும், பிறகு வளையத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விழும்.

அளவுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வளையத்தின் உள்விட்டம் 45 சென்றிமீற்றர், ஆண்கள் ஆடும் 7ஆம் அளவுப் பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. நேர் மேலேயிருந்து விழுந்தால் 21 செ.மீ. மிச்சம் இருக்கும். ஆனால் பந்து சாய்வாகத்தான் வருகிறது. ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அதன் வட்டம் ஒடுங்கித் தெரிவதுபோல, பந்தின் பக்கமிருந்து பார்க்கும்போது வளையமும் ஒடுங்கிவிடும். கிடையிலிருந்து 32 பாகைக்குக் குறைந்த கோணத்தில் இறங்கும் பந்து விளிம்பைத் தொடாமல் உள்ளே போகவே முடியாது. 45 பாகையில் இறங்கினால் முன்னும் பின்னுமாக மொத்தம் 11 செ.மீ. இடம் கிடைக்கும்.

நம் பாடசாலை மைதானங்களில் அடிக்கடி காதில் விழும் ஆலோசனை, “45 பாகையில் எறி” என்பது. தரையிலிருந்து தரைக்கு எறியும் கல்லுக்கு அது சரி. கூடைப்பந்துக்குச் சரிவராது, ஏனென்றால் வளையம் கைக்கு மேலே இருக்கிறது. ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் எறி) கோட்டிலிருந்து வளையத்தின் நடுவுக்குக் கிடையாக 4.2 மீற்றர். பந்து கையை விடும் உயரம் 2.15 மீற்றர் என்று வைத்துக்கொண்டு காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 45 பாகையில் எறிந்த பந்து வெறும் 30 பாகையில் இறங்கும். முன்விளிம்பில் மோதித் திரும்பிவரும். 52 பாகையில் எறிந்தால் 40 பாகையில் இறங்கும். 55 பாகை என்றால் 45. தேவைப்படும் வேகம் மிகக் குறைவாக இருப்பதும் 51, 52 பாகையை ஒட்டித்தான்: செக்கனுக்கு 7.1 மீற்றர் போதும். அந்த இடத்தில் கோணம் ஓரிரு பாகை பிசகினாலும் பந்து விழும் தூரம் அதிகம் மாறாது.

வேகம் பிசகினால் கதை வேறு. வேகத்தில் ஒரு சதவீதம் கூடினால், அதாவது செக்கனுக்கு 7 செ.மீ. கூடினால், பந்து 10 செ.மீ. தள்ளி விழும். 40 பாகையில் இறங்கும் பந்துக்குக் கிடைக்கும் மொத்த இடமே 8 செ.மீ.தான். விளிம்பைத் தொடாமல் ஒவ்வொரு பந்தையும் போடுவது மனிதக் கைக்குக் கடினம் என்பது இதிலிருந்து புரியும். விளிம்பில் பட்ட பந்தும் உள்ளே விழவேண்டும். அதற்குத்தான் பின்சுழற்சி. கையை விடும் கடைசிக் கணத்தில் விரல் நுனிகள் பந்தின் பின்புறத்தைக் கீழ்நோக்கி வருடிவிட்டால், பந்து எறிந்தவரை நோக்கிச் சுழன்றபடி போகும். விளிம்பையோ பலகையையோ தொடும்போது உராய்வு அந்தச் சுழற்சியை எதிர்க்கும், பந்தின் முன்னோக்கிய வேகம் அங்கே குறையும். செக்கனுக்கு மூன்று சுழற்சி இருந்தால் நல்லது. பந்து வளையத்துக்குப் போய்ச் சேர ஒரு செக்கனுக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும், ஆகவே போகும் வழியில் அது மூன்று தரம் புரளவேண்டும். பந்திலுள்ள கறுப்புக் கோடுகளைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எண்ணிவிடலாம்.

இந்த வளைவு ஆட்டத்தோடு கூடப் பிறந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடைகளை உள்ளரங்க மாடத்தின் கைப்பிடியில் ஆணியால் அடித்தார். அந்த மாடத்தின் உயரம் பத்து அடி. இன்றைய 3.05 மீற்றர் அதுவேதான். சிறுவயதில் கனடாவில் அவர் ஆடிய ஒரு விளையாட்டில், பாறைமேல் வைத்த கல்லை இன்னொரு கல்லால் விழுத்தவேண்டும். வேகமாக எறிந்தவர் தன் கல்லை எடுக்க வெகுதூரம் ஓடவேண்டும், வளைத்துப் போட்டவருக்கே வெற்றி. இலக்கைத் தலைக்கு மேலே கிடையாக வைத்தால் முரட்டுப் பலத்துக்கு வேலை இருக்காது என்று அவர் கண்டுகொண்டது, என் கணிப்பில், இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த யோசனை.

1936 டிசம்பர் 30 அன்று நியூயோர்க்கில் ஸ்டான்ஃபோர்ட் அணியின் ஹாங்க் லூசெட்டி ஓடிக்கொண்டே ஒரு கையால் எறிந்து லோங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் 43 தொடர் வெற்றிகளை முடித்துவைத்தார். இரண்டு கையால் மார்பிலிருந்து தள்ளும் பழைய முறையைவிட இதில் பந்து உயரத்தில் கையை விடுகிறது. தடுப்பவருக்கு எட்டாது, பயணிக்கவேண்டிய ஏற்றமும் குறைவு.

வில்ட் சேம்பர்லேன் 1962 மார்ச் 2 அன்று ஒரே போட்டியில் 100 புள்ளி எடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். அன்று அவர் 32 ஃப்ரீ த்ரோவில் 28ஐப் போட்டார் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. அவற்றை முழங்காலுக்கருகில் இரு கையாலும் பிடித்து, கீழிருந்து மேலே தூக்கிப் போட்டார். கை தாழ்வில் இருப்பதால் வேகம் சற்றுக் கூடத்தான் வேண்டும். ஆனாலும் இரு கைகளும் ஒரே மாதிரி அசைகின்றன, பக்கவாட்டுப் பிழை குறைகிறது, பின்சுழற்சி தானாக வருகிறது. அந்தப் பருவத்தில் அவருடைய ஃப்ரீ த்ரோ வெற்றி 61 சதவீதம். பிறகு கேலிக்கு அஞ்சி அந்த முறையைக் கைவிட்டார், 1967–68 பருவத்தில் 38 சதவீதத்துக்கு இறங்கினார். கடைசிவரை அப்படியே எறிந்த ரிக் பெரி 90 சதவீதத்தை ஒட்டி நின்றார். அழகில்லை என்று ஒதுக்கிய இந்த முறையைப் பாடசாலைப் பிள்ளைகளுக்காவது கற்றுக்கொடுக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வுக்கு 1979இல் வந்தது. 2015–16இல் 73 வெற்றி, 9 தோல்வி என்று முடித்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் ஸ்டெஃபன் கரி மட்டும் 402 மூன்று புள்ளி எறிகளைப் போட்டார். இங்கே நாம் ஆடும் சர்வதேச விதியில் கோடு 6.75 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து எறிய செக்கனுக்கு 8.7 மீற்றர் வேகம் வேண்டும், ஃப்ரீ த்ரோவைவிட 22 சதவீதம்தான் அதிகம். ஆனால் சக்தி 48 சதவீதம் கூடவேண்டும். அது தோளிலிருந்து வராது, முழங்காலை மடித்து எழும்புவதிலிருந்து வரவேண்டும். சிறுவர்கள் அந்தத் தூரத்திலிருந்து தட்டையாக எறிவது கால்களைப் பயன்படுத்தாததால்தான்.

நம் பெண்பிள்ளைகள் அதிகம் ஆடும் வலைப்பந்தாட்டத்தில் கணக்கு இன்னும் கடுமை. வளையம் அதே 3.05 மீற்றரில், விட்டம் 38 செ.மீ., பந்து ஏறக்குறைய 22, பின்னால் பலகையும் இல்லை. 36 பாகைக்கு மேல் இறங்கினால்தான் தொடாமல் போகும். 2.08 மீற்றர் உயரமான தர்ஜினி சிவலிங்கத்தின் கையில் பந்து வளையத்துக்கு மிக அருகில் தொடங்கும். கொஞ்சம் உயர்த்திப் போட்டாலே அது செங்குத்தாக இறங்கும். 2018 ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்ற அணியில் அவருடைய பெறுமதி அங்கேதான் இருந்தது.

இனி மலைநாட்டுக்கு வருவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். குளிரையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே வளியின் அடர்த்தி கொழும்பைவிட 16 சதவீதம் அளவில் குறைவு. கொழும்பில் ஃப்ரீ த்ரோ பந்துக்கு வரும் காற்றுத் தடை அதன் நிறையில் பத்திலொன்றை எட்டும். நுவரெலியாவில் அது குறைவதால் அதே எறி 5 செ.மீ. அளவு தள்ளி விழும். 8 செ.மீ. இடத்தில் 5 என்பது பெரிது. கொழும்பிலிருந்து வரும் அணியின் பந்துகள் முதலில் பின்விளிம்பில் படுவதும், நுவரெலியாவிலிருந்து இறங்கும் அணியின் பந்துகள் முன்விளிம்பில் படுவதும் எதிர்பார்க்கவேண்டியவை.

இதைவிடப் பெரிய வித்தியாசம் பந்துக்குள் இருக்கிறது. அமுக்கமானி காட்டுவது உள்ளே உள்ள அமுக்கத்துக்கும் வெளியே உள்ளதுக்கும் இடையிலான வித்தியாசத்தை. நுவரெலியாவில் 15 பாகைக் குளிரில் 8 பி.எஸ்.ஐ. (மானி காட்டும் அமுக்க அலகு) அடித்த பந்தைக் கொழும்பின் 30 பாகை வெயிலுக்கு எடுத்துச்சென்றால், உள்ளே காற்று சூடாகி விரியப் பார்த்தாலும் வெளி அமுக்கம் அதைவிடக் கூடிவிடும். மானி 6 பி.எஸ்.ஐ.தான் காட்டும், பந்து சோர்ந்துவிடும். கொழும்பில் அடித்துக்கொண்டுவந்த பந்து நுவரெலியாவில் 10 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் இறுகி, விளிம்பில் பட்டவுடன் தெறிக்கும். ஆடும் ஊரில், ஆடும் வேளையில் அடிப்பதே சரி. ஊசியை நனைத்துவிட்டுச் செருகவேண்டும், உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். மானி இல்லாவிட்டால் அடிநாடா போதும்: பந்தின் அடிப்பாகம் 1.8 மீற்றரில் இருக்கும்படி பிடித்து விட்டால், துள்ளி எழும்போது அதன் மேற்பாகம் 1.2க்கும் 1.4 மீற்றருக்கும் இடையில் நிற்கவேண்டும்.

வளையத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். பிள்ளைகள் தொங்கித் தொங்கி முன்விளிம்பு 4 செ.மீ. தாழ்ந்திருந்தால் வளையம் 5 பாகை சாய்ந்திருக்கிறது என்று பொருள். முன்னாலிருந்து எறிபவருக்கு அது வாயை விரித்துக் கொடுக்கும், தட்டையான எறியும் விழும். அந்தப் பழக்கத்தோடு போட்டிக்குப் போனால் நேரான வளையத்தில் எல்லாம் முன்விளிம்பில் அடிபடும். நேரடியாக இரும்புக் குழாயில் ஒட்டவைத்த வளையம் என்றால் இன்னொரு குறை. சர்வதேச விதிப்படி வளையம் மோதலின் சக்தியில் 35 முதல் 50 சதவீதத்தை உள்வாங்கவேண்டும், இறுகிய வளையம் அதில் பெரும்பங்கைப் பந்துக்கே திருப்பிக்கொடுக்கும். அங்கே 55 பாகையை ஒட்டி உயர்த்தி எறியப் பழக்குவது நல்லது.

பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் ஈரம் வேறு சேர்ந்துகொள்ளும். நனைந்த பந்தில் விரல் வழுக்கும், சுழற்சி குறையும். நனைந்த விளிம்பில் உராய்வும் குறைவதால் மிஞ்சிய சுழற்சியும் வேலை செய்யாது. ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்கு முன்பும் உலர்ந்த துணியால் பந்தைத் துடைக்க நடுவரிடம் கேட்கலாம். பக்கவாட்டில் 45 பாகைத் திசையில் நிற்பவர் வளையத்தை நேரே குறிவைக்காமல், பலகைச் சதுரத்தின் தன் பக்க மேல்மூலைக்கு மெதுவாகப் போடட்டும்.