கமாட் தோலும் கறுப்புக் கண்ணாடியும்

போன வாரம் தோட்டத்து அக்கா ஒருவர் இரண்டு கமாட் எண்ணெய்ப் பாட்டில்களோடு வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது; யாரோ தடவச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுமே எங்கள் குளுவாங் ஊர்ப் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கியவை; இரண்டிலும் 'கமாட் எமாஸ்', தங்கக் கமாட், என்றுதான் போட்டிருந்தது. ஆனால் ஒட்டியிருந்த படங்களில் ஒன்று மஞ்சள், மற்றது கறுத்து முள்முள்ளாக இருந்தது. "சார், இதுல எது நெசமான கமாட்?" என்றார்.

கமாட் என்பது கடலட்டை. பெயரில்தான் அட்டை, உண்மையில் நட்சத்திர மீனுக்குச் சொந்தக்கார முள்தோலி. உலகில் சுமார் 1,700 இனங்கள் உண்டு. மலாய்க்காரர்கள் ஸ்டிகோபஸ் குடும்பத்தவற்றைத்தான் கமாட் என்பார்கள், மற்றவை தீமூன் லாவுட். சிக்கல் அந்தக் குடும்பத்துக்குள்தான். கடலட்டை தன் தோலைத் தானே இறுக்கும், தானே தளர்த்தும். நீரை விட்டு எடுத்தால் ஸ்டிகோபஸ் குழைந்த களியாகிவிடும். நீளம், பருமன், முள் எதையும் நம்ப முடியாது. நிறமும் ஆளுக்கு ஆள் மாறும்.

பிறகு எதை வைத்துப் பெயர் வைப்பது? தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அரிசி அளவு தோலை வெட்டி, துணி வெளுக்கும் குளோராக்ஸில் போட்டால் சதை கரைந்து அடியில் வெள்ளைத் தூள் தங்கும். தண்ணீரில் அலசி நுண்ணோக்கியில் வையுங்கள். ஓட்டைத் தட்டின் மேல் நான்கு தூண் நின்று உச்சியில் முள் சூடிய குட்டி மேசைகள்! அரிவாள்போல் வளைந்த கம்பிகள்! அந்த அரிவாள் இருந்தால் ஸ்டிகோபஸ் குடும்பம் என்று சொல்லிவிடலாம். ஸ்டிகோபஸ் ஹோரன்ஸ் என்றால் முதுகு முள்களில் சுவராணி போன்ற கூர் மேசைகளும் இருக்கும்.

எனக்குப் பித்துப் பிடித்தது இதற்கப்புறம்தான். வெயிலுக்குப் போடும் பழைய போலராய்டு கறுப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது; ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விடும் வகை. அதை உடைத்து, ஒரு வில்லையைச் சில்லுக்குக் கீழும் இன்னொன்றைக் குறுக்காக மேலும் வைத்தேன். கண்முன் ஒரே இருட்டு. படிகம் ஒளியின் அதிர்வைத் திருப்பிவிடும் அல்லவா, அதனால் இருட்டின் நடுவே அரிவாள் மட்டும் மின்னியது. சில்லு இருந்த கண்ணாடித் தகட்டைச் சுற்றினேன். முனையிலிருந்து முனைவரை ஒரே நொடியில் அணைந்தது. இன்னும் சுற்றினால் மறுபடி முழுசாக எரிந்தது. பல படிகங்கள் ஒட்டிய பொருளென்றால் துண்டு துண்டாக அணைய வேண்டும். இது ஒட்டுமொத்தமாக அணைகிறதே! உருவம் வளைகிறது, உள்ளே படிகத்தின் அச்சு வளையவே இல்லை. உயிருள்ள செல்கள் ஒற்றைச் சுண்ணப் படிகத்தை உளியில்லாமல் அரிவாளாக வளர்த்திருக்கின்றன. அன்றிரவு சோறு ஆறிப்போய் வீட்டில் திட்டு வாங்கினேன்.

சில்லும் முழுசாகக் காப்பாற்றாது. வயது ஏற ஏற அதன் வடிவம் மாறும்; குட்டியையும் தாயையும் இரண்டு இனமென்று எழுதிவிட இடமுண்டு. ஃபார்மலினில் போட்டு வைத்தாலோ நாளடைவில் அது புளித்து அமிலமாகி, சுண்ணத்தை ஓசையில்லாமல் தின்றுவிடும். ஜாடியில் உடல் இருக்கும், அடையாளம் இருக்காது. பெயர்களும் அப்படித்தான் உருண்டிருக்கின்றன. 1868ல் வைத்த வேரியகேட்டஸ் என்ற பெயர், அதற்கு ஓராண்டு முந்திய ஹோரன்ஸுக்குள் கரைந்துபோனது. பலரும் வேரியகேட்டஸ் என்று அழைத்துவந்த பெரிய கமாட்டை இன்று ஹெர்மானி என்கிறார்கள்.

நம் ஜொகூர் கடலிலேயே, மெர்சிங் பக்கத்துத் தீவுகளில், 2002ல் இரண்டு புதிய ஸ்டிகோபஸ் இனங்களுக்குப் பெயர் சூட்டினார்கள்: கண்புள்ளிகளுக்காக ஓசெல்லாட்டஸ், சிவப்புப் புள்ளிகளுக்காக ரூபர்மாக்குலோசஸ். குளுவாங்கிலிருந்து கஹாங் வழியாக வண்டியை விட்டால் எட்டும் கடல் அது. அங்கிருந்தவை பெயரில்லாமலே இந்த நூற்றாண்டு வரை வந்துவிட்டன. கமாட் எதையெல்லாம் ஆற்றும் என்று ஆராயக் காசு கிடைக்கிறது. எது கமாட் என்று தோலை வெட்டிப் பார்ப்பவருக்கு யார் கொடுப்பார்? இனம் தெரியாமல் செய்த மருந்து ஆராய்ச்சியை இன்னொருவர் எப்படித் திரும்பச் செய்து பார்ப்பது? எனக்கு இது பெரிய ஆத்திரம்.

அக்காவிடம் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இந்த எண்ணெயைக் குளோராக்ஸில ஊத்திப் பாருங்களேன்."

வடிகட்டிய எண்ணெயில் சில்லு எங்கே இருக்கப் போகிறது? பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளை பெற்ற உடம்பு, கிளினிக்கில் கேட்காமல் தடவவோ குடிக்கவோ வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். தம்பி மெர்சிங்கில் லாரி ஓட்டுகிறானாம், காய்ந்த துண்டு ஒன்று வாங்கிவரச் சொல்வதாகப் போனார். நுண்ணோக்கியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.