பட்டைத் தேய்க்கும்போது விரலுக்குள் என்ன நடக்கிறது?

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: “எங்கள் பாட்டிக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் புடவையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்தால், இது பட்டு, இது பாலியஸ்டர் கலந்தது என்று சொல்லிவிடுகிறார். விரலுக்கு அது எப்படித் தெரிகிறது?”

பாட்டி தேய்க்கிறார் என்று சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறார். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நைஸ் ரக உப்புத்தாளில் அடுத்தடுத்த இரண்டு எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, விரல்நுனியை ஒவ்வொன்றின் மேலும் அசையாமல் வையுங்கள். எது அதிக நைஸ் என்று சொல்வது கஷ்டம். அப்புறம் விரலை லேசாக இழுங்கள், வித்தியாசம் பிடிபட்டுவிடும். ஜெர்மன் உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925-லேயே இதை விளக்கியிருக்கிறார். கோரைப்பாய் மாதிரி மேடுபள்ளம் பெரிதாக இருந்தால் சும்மா வைத்த விரலுக்கே தெரியும். நுணுக்கமான பரப்பு என்றால் விரல் நகர்ந்தாக வேண்டும். நகரும்போது பிறக்கும் அதிர்வைத்தான் நரம்பு படிக்கிறது. பட்டின் வழவழப்பை விரல் ஏறக்குறைய காதுபோல ‘கேட்கிறது’ என்றே சொல்லலாம்.

ஒரு கையின் உள்பக்கத் தோலில் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருக்கின்றன. நான்கு வகை, பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பாசினித் துகள். ஒரு மில்லிமீட்டர் நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும். இத்தாலியில் பிலிப்போ பாசினி 1831-இல், மாணவராக இருந்தபோது, ஒரு கையை அறுத்துப் பார்க்கையில் இதைக் கண்டார். குறுக்கே வெட்டினால் சின்ன வெங்காயம்தான்: அடுக்கடுக்காகத் தோல், நடுவில் நரம்பின் முனை. மெதுவாக அழுத்தினால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி அந்த அழுத்தத்தைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். நடு நரம்புக்குச் செய்தி போகாது. வேகமாக அதிர்ந்தால் நழுவ நேரமில்லை, அதிர்வு நேரே நடுவுக்குப் போய்விடும். நொடிக்கு 250 முறை அளவிலான அதிர்வென்றால் இதற்கு அவ்வளவு கூர்மை.

இப்போது உங்கள் ஆள்காட்டி விரலைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ரேகை வரிகளுக்கு இடையே சுமார் அரை மில்லிமீட்டர். துணியைத் தடவும் கை நொடிக்கு 12 சென்டிமீட்டர், அதாவது 120 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணியின் ஒரு சின்னப் புடைப்பை நொடிக்கு 240 வரிகள் கடந்து போகும் கணக்கு. பாசினித் துகளுக்குப் பிடித்த அதே அதிர்வு! பாரிஸில் 2009-இல் ஒரு குழு ரப்பர் பூசிய செயற்கை விரல்நுனி செய்து பார்த்தது. வரி போட்ட ரப்பரில் அந்த அலைவரிசை அதிர்வு, வழவழப்பான ரப்பரில் இருந்ததைவிட நூறு மடங்கு வரை பெருகியது. நிஜ விரலிலும் அதே அளவு பெருகுமா என்ற விவாதம் இருக்கிறது. ஆனாலும் வரிகள் ஏன் சுழிசுழியாக இருக்கின்றன என்பதற்கு அவர்கள் சொன்ன யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: எந்தத் திசையில் தேய்த்தாலும் சில வரிகளாவது குறுக்கே அமையும்.

வைத்தீஸ்வரன்கோவிலில் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு ஏடு தேடிப் பலன் சொல்கிறார்கள். அந்த வரிகளில் நம் எதிர்காலம் எழுதியிருப்பதாக நான் நம்பவில்லை. ஒரு நெசவின் சேதியை மூளைக்குக் கடத்த உதவுகிற வரிகள் அவை. எனக்கு அதுவே பெரிய அதிசயம்.

பாட்டியின் விரலுக்கு வருவோம். பட்டு இழை நூற்றுக்கணக்கான மீட்டர் அறுபடாமல் ஓடுவது. பருத்தியோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழைகளைச் சேர்த்து முறுக்கியது. நூலெங்கும் இழைமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாலியஸ்டர் பட்டைப்போலவே நீளமாக ஓடும், ஆனால் பட்டு ஈரத்தை உறிஞ்சும், பாலியஸ்டர் கிட்டத்தட்ட உறிஞ்சாது. அதனால் விரல் இழுபடும் விதமே மாறுகிறது. ஸ்டாக்ஹோமில் 2013-இல் நடந்த ஆய்வில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள மடிப்புகளையே விரல் கண்டுபிடித்தது. தலைமுடியின் தடிமன் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு.

சரி, அதிர்வு எப்படி மின் சைகையாகிறது? அமெரிக்க விஞ்ஞானி ஆர்டெம் பட்டபூடியனின் ஆய்வகத்தில் நுண்ணிய கண்ணாடிக் குழாயால் செல்லைக் குத்திக் குத்தி, மின்சாரம் எழுகிறதா என்று பார்த்தார்கள். 72 மரபணுக்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில்தான் ‘பியெசோ’ அகப்பட்டது: செல்லின் உறையில் இருந்துகொண்டு, அழுத்தம் பட்டால் திறந்து மின்னூட்டத் துகள்களை உள்ளே விடும் புரத வாயில். 2010-இல் வெளியான கண்டுபிடிப்பு, 2021-இல் நோபல் பரிசு. 71 தோல்விகளுக்கும் யாரோ சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடத்தில் என்ன பொருள் செய்து தருவாய் என்று கேட்டே நிதி கொடுக்கும் இடத்தில் இந்த வேலை நடந்திருக்காது. நம் ஊர் ஆய்வு மாணவர்களுக்கும் அந்தப் பொறுமையான பணம் கிடைக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்டுபிடிக்கிற தொடுகை. சுகத்துக்குத் தனி நரம்பு உண்டு. முன்னங்கை, கன்னம் போன்ற பூனைமுடி உள்ள தோலில் மெல்லிய நரம்பிழைகள் ஓடுகின்றன. செய்தி நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் நகரும். கையிலிருந்து மூளைக்குப் போக ஒரு நொடிகூட ஆகலாம். நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் போன்ற மெதுவான, தோலின் வெதுவெதுப்புள்ள வருடலுக்கு அவை மிக நன்றாக விழித்துக்கொள்கின்றன. தடித்த தொடு நரம்புகளை நோயில் இழந்த ஒரு பெண்ணின் கையைத் தூரிகையால் மெல்ல வருடினார்கள். மங்கலாக, ஆனால் இதமாக இருந்தது என்றார். 2002-இல் வெளியான ஆய்வு அது.

அக்காவின் குழந்தைக்குத் துண்டு வாங்கப் போனபோது அம்மா ஒவ்வொன்றையும் முதலில் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நாலைந்தை ஒதுக்கினார். மிஞ்சிய இரண்டை எடுத்து, தேய்க்கவில்லை, கன்னத்தில் வைத்து மெதுவாக இழுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இரண்டாவதை என் கையில் கொடுத்து, “இதுக்கு பில் போடச் சொல்லு” என்றார்.