அனுசேபம் என்றால் எறிதல்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் வெள்ளவத்தை மருமகள் கேட்டாள்: "மாமா, எங்கட புத்தகத்தில அனுசேபம் என்று இருக்கு. யூடியூப்ல வளர்சிதை மாற்றம் என்று சொல்றாங்க. ரெண்டும் ஒன்றா?"

ஒன்றுதான். மெட்டபாலிசம். இலங்கைப் பாடநூல் வடமொழிப் பக்கம் போனது, தமிழகம் தமிழ் வேர்ப் பக்கம் போனது.

கிரேக்கத்தில் 'மெட்டபொலே' என்றால் மாற்றம். உள்ளே எறிதல் என்ற வினை ஒளிந்திருக்கிறது. 1839இல் ஜேர்மன் அறிஞர் தியோடர் ஷ்வான் கலங்களில் நடக்கும் இரசாயன மாற்றங்களைக் குறிக்க அதை எடுத்தாண்டார். வடமொழி 'க்ஷேப'மும் எறிதல்தான், நம் ஆட்சேபத்தில் இருக்கும் அதே சேபம். அனுசேபத்தில் கட்டியெழுப்பும் பாதிக்கு உட்சேபம் என்று பெயர். அதில் பலரும் 'உள்' என்று படிப்பது உண்மையில் 'உத்', அதாவது மேலே. மறுபாதி அவசேபம், கீழே எறிவது, உடைப்பது.

வளர்சிதை மாற்றம் கேட்டவுடன் விளங்கும் சொல். ஆனால் போதைப்பொருளிடம் வந்தால் இடறுகிறது. 'சிதை' என்றதும் சரக்கு அழிந்துவிட்டது என்று நினைப்போம். கொழும்பில் குடு என்கிற ஹெரோயினைப் பாருங்கள். இரத்தத்தில் கலந்த சில நிமிடங்களிலேயே நொதியங்கள் அதிலிருந்து ஓர் அசற்றைல் கூட்டத்தை, அதாவது ஒரு சிறு அணுத்தொகுதியை, கழற்றுகின்றன, கிடைப்பது 6-மொனோஅசற்றைல்மோர்பின். அடுத்ததும் கழன்றால் மோர்பின். போதை தருவது பெரும்பாலும் இவைதான். ஹெரோயின் கொழுப்பில் எளிதாகக் கரைவதால் மூளைக்குள் வேகமாகப் புகும் வண்டி, அவ்வளவே. அப்புறம் ஈரல் மோர்பினோடு குளுக்குரோனிக் அமிலத்தைக் கோத்து, நீரில் கரையவைத்துச் சிறுநீருக்கு அனுப்புகிறது. அப்படிக் கோத்த மோர்பின்-6-குளுக்குரோனைட்டும் சும்மா இருப்பதில்லை, அதற்கும் மோர்பினின் குணம் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மோர்பின் கொடுக்க வைத்தியர்கள் யோசிப்பது இதனால்தான். இருமல் மருந்தில் வரும் கோடீனும் ஈரலில் ஓரளவு மோர்பினாகிறது, 6-மொனோஅசற்றைல்மோர்பின் ஆவதில்லை. ஆகவே சிறுநீரில் அது தென்பட்டால் ஆள் எடுத்தது ஹெரோயின்.

கஞ்சாவின் மிச்சம் கொழுப்பில் பதுங்கி, நெடுநாள் புகைத்தவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தலைகாட்டும். சாராயத்தை ஈரல் மணிக்கு இவ்வளவு என்று தன் கணக்கில்தான் எரிக்கும், தேசிக்காய்ச் சாறு குடித்தாலும் சரி.

எனவே உடலின் மொத்த இயக்கத்துக்கு அனுசேபமோ வளர்சிதை மாற்றமோ இருக்கட்டும். மருந்துக்கும் போதைப்பொருளுக்கும் 'உருமாற்றம்' என்பதே பொருந்தும் என்றேன்.

"பரீட்சையில எழுதினா புள்ளி போடுவாங்களா?"

போட மாட்டார்கள். அங்கே அனுசேபம் என்றே எழுதச் சொன்னேன்.