நகலில் மட்டும் எழும் சொல்

"வீட்டுக்கடனுக்காகச் செக்கை ஜெராக்ஸ் எடுத்தேன். அசலில் இல்லாத 'வாய்ட்' (செல்லாது) என்ற சொல் நகலில் பளிச்சென்று வந்திருக்கிறது. என் செக் செல்லாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். செக் செல்லும். நகல்தான் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒரு செக்கை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்த வெளிர்ப் பின்னணி ஒரே பூச்சு இல்லை. நுண்ணிய புள்ளிகளும் கோடுகளும் சேர்ந்தது. 'வாய்ட்' ஒளிந்திருக்கும் இடத்தில் புள்ளிகள் சற்றுப் பெரியவை, தள்ளித்தள்ளி இருக்கின்றன என்று வையுங்கள். சுற்றிலும் பொடிப்புள்ளிகள், நெருக்கமாக. இரண்டு இடத்திலும் செலவான மை கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் கண்ணுக்கு ஒரே சாயல்தான். ஜெராக்ஸ் மெஷினோ சல்லடை மாதிரி. சலித்தால் மாவு இறங்கிவிடும், குருணை தங்கும். பொடிப்புள்ளிகள் மெஷினின் பார்வைக்குத் தப்பிவிட, பெரியவை மட்டும் நகலில் ஏறுகின்றன. சொல் துலங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த நுட்பம். இப்போது செக் ஊர் ஊராகப் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. சென்னையில் 2011-லிருந்து இப்படித்தான். அந்தப் படத்தில் 'வாய்ட்' குறுக்கிட்டால் தொகையைப் படிக்க முடியாது. ஆகவே வங்கி ஸ்கேனரின் துல்லியத்தில் அது அடங்கிக் கிடக்க வேண்டும், நகலில் மட்டும் எழ வேண்டும். செக் தாள் எப்படி இருக்க வேண்டும் என்று வகுக்கும் ரிசர்வ் வங்கியின் 'சி.டி.எஸ்.-2010' விதியே அப்படித்தான் சொல்கிறது. புள்ளியின் அளவை வைத்தே இதைச் சாதித்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் தாள் அசலா என்பதை மட்டுமே இது சொல்லும். பணம் யாரிடம் போகும் என்பது செக்கின் வகையைப் பொறுத்தது. பேரர் செக்கைக் கொண்டுவந்தவர் கவுண்டரிலேயே பணம் வாங்கிவிடலாம். 'அல்லது கொணர்பவருக்கு' என்பதை அடித்துவிட்டால் ஆர்டர் செக். பெயருக்குரியவர் பின்னால் கையெழுத்திட்டு இன்னொருவருக்கு மாற்றலாம். இடது மூலையில் இரண்டு கோடு போட்டால் பணம் வங்கி வழியாக மட்டுமே போகும். கோடுகளுக்கு நடுவே 'அக்கவுண்ட் பேயீ' என்றும் எழுதினால், பெயருள்ளவர் கணக்கிலேயே சேரும். பத்திரமானது இதுதான். 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 'பாசிட்டிவ் பே' வசதியில் விவரத்தை வங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாராவது தொகையைத் திருத்தினால் அங்கே சிக்கும்.

இத்தனை பாதுகாப்பையும் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் வீணாக்கிவிடும். கடனுக்கு ஈடாக அதைக் கேட்டு வாங்கும் வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். தொகையை வேறு ஒருவர் நிரப்பியிருந்தாலும், மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த செக்குக்கு, அது கடனைத் தீர்க்கக் கொடுத்ததல்ல என்று சான்று காட்டாதவரை, கொடுத்தவரே பொறுப்பு என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வாசகிக்கு ஒன்று: கணக்கு விவரத்துக்காக மட்டும் செக் கேட்டிருந்தால், குறுக்கே பெரிதாக 'கேன்சல்ட்' என்று எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.