படகு ஸ்பீக்கரின் முதுகு

சித்திரை பிறந்தால் சென்னை காசிமேடு துறைமுகத்தின் சத்தமே மாறிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்ச் என்ற விசைப்படகுகள் எல்லாம் கரையில் நெருக்கியடித்து நிற்க, ஒரு பக்கம் கிரைண்டர், ஒரு பக்கம் வெல்டிங், ஒரு பக்கம் பெயின்ட் வாடை. ஒயரிங் வேலையும் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். அப்படியொரு நாளில், தெரிந்த லாஞ்ச் டிரைவர் ஒருவர் செத்துப்போன ஸ்பீக்கர் ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, வாட்டர் ப்ரூஃப்னு டப்பாவுல போட்டுக்கீது. ஒரு வருசம் கூட பாடல. இன்னான்னு பாரு."

முன்பக்கம் புதுசு மாதிரியே இருந்தது. கிரில்லில் கீறல்கூட இல்லை. திருப்பினால் கதை வேறு. ஒயர் மாட்டும் காதுகள் இரண்டிலும் பச்சைப் பொடி. ஒயரைத் தொட்டேன், காய்ந்த வைக்கோலாக முறிந்தது. மேலுறையைச் சீவிப் பார்த்தால், ஒரு சாண் உள்ளே வரைக்கும் செம்பு கறுத்துக் கிடந்தது. அந்த இடத்தில் ஒரு சொட்டு அலைகூடப் பட்டிருக்க வழியில்லை. கேபின் பலகைக்கு உள்பக்கம் இருந்த பாகம் அது.

என்ன நடந்தது என்று புரிய, ஸ்பீக்கருக்குள் கொஞ்சம் போக வேண்டும். 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் வகுத்துக் கொடுத்த அமைப்புதான் இன்றுவரை அடிப்படை. காந்தத்துக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய வட்ட இடுக்கு. அதில் தொங்கும் செம்புக் கம்பிச் சுருள். பாட்டின் மின்னோட்டம் முன்னும் பின்னும் மாறி ஓட, சுருளும் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதோடு ஒட்டியிருக்கும் கூம்பு காற்றைத் தள்ளுகிறது. சுருளுக்கு இருபக்கமும் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

படகுக்குப் பொருந்தும் கோஆக்சியல் என்பது இதே கூம்பின் நடுவில், அதே அச்சில், ட்வீட்டர் என்ற குட்டி ஸ்பீக்கரையும் நிறுத்திய வகை. நம்மூர் வெயிலில் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. அப்படியானால் 100 ஹெர்ட்ஸ் மேள அடியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஜால்ராவின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர். நீண்ட அலை மூலைமுடுக்கெல்லாம் வளைந்து போகும். குட்டை அலை நேராகத்தான் போகும், அதனால் ட்வீட்டர் காதைப் பார்த்து நிற்க வேண்டும். ட்வீட்டருக்கு முன்னால் தொடரில் வைத்த ஒரு கெப்பாசிட்டர், நீண்ட அலை ஒலியைத் தடுத்து குட்டை அலை ஒலியை மட்டும் விடுகிறது. 4 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால், தடுப்பின் எல்லை சுமார் 8,500 ஹெர்ட்ஸில் விழும். படகுக்கு இந்த வகை பொருந்துவதற்குப் பெரிய காரணம் ஒன்றுதான்: இரண்டு ஸ்பீக்கர் வேலைக்கு ஒரே ஓட்டை. படகில் நாம் போடும் ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்குத் திறந்த கதவு.

முன்பக்கத்தைக் காப்பாற்றுவது கம்பெனிக்காரர்களுக்குக் கைவந்த கலை. சாதாரண கார் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நனைந்தால் ஊறிப்போன அப்பளம்தான். படகு ஸ்பீக்கரில் பாலிபுரோப்பிலீன் கூம்பு, ஓரத்தில் ஃபோமுக்குப் பதில் ரப்பர், வெயிலுக்கு வெளுக்காத பிளாஸ்டிக் கிரில். இதெல்லாம் நன்றாகவே வேலை செய்கிறது. டிரைவர் கொடுத்த ஸ்பீக்கரின் முகம் அதற்குச் சாட்சி.

முதுகைக் கொன்றது உப்பு. மழைக்காலத்தில் அடுப்படியில் உப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்க்காதவர் யார்? சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்து சொட்டும். கடல்காற்று சுமந்துவரும் நுண்ணிய உப்பு, கேபின் இடுக்கு வழியாகப் போய் ஸ்பீக்கரின் முதுகில் படிகிறது. பகலில் வெறும் வெள்ளைத் தூசி. ராத்திரி ஈரம் ஏறியதும் அது உப்புக் கரைசல். கடல்நீர் குழாய்த் தண்ணீரைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மின்சாரம் கடத்தும். இந்தக் கரைசல் அதைவிட அடர்த்தியானது. செம்பு ஒயர், பித்தளைக் காது, இரும்பு ஸ்குரூ, நடுவே உப்புநீர். வெவ்வேறு உலோகங்களை உப்புநீரில் தொடவிட்டால் அது ஒரு பேட்டரி. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பேட்டரி ஏதாவது ஓர் உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

காந்தத்தின் கதையும் இதுதான். கறுப்பு ஃபெரைட் காந்தம் ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் துருப்பிடிக்காது. அதைக் கவ்வியிருக்கும் இரும்புத் தகடுகள் பிடிக்கும். துரு, தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் அடைக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த இடைவெளியில் துரு உப்பிக்கொண்டே வந்து, ஒருநாள் சுருளைக் கவ்விவிடும். கரகரவென்று சத்தம் வந்தால், அது உள்ளே சுருள் உரசும் சத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல டப்பாவில் இருக்கும் ஐபி எண் பொய்யா? பொய் இல்லை, ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு நீர் புகாது. ஐபிஎக்ஸ்5 என்றால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சினாலும் தாங்கும். எக்ஸ் இருந்தால் தூசிக்கு எண் தரப்படவில்லை என்று பொருள். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில், புத்தம்புதிய ஸ்பீக்கருக்கு நடப்பவை. பல மாடல்களில் அந்த எண், பலகையில் இறுகப் பொருத்திய பிறகு முன்பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். உப்புக்குத் தனிச் சோதனை உண்டு: ஏஎஸ்டிஎம் பி117. 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனியாகத் தூவிக்கொண்டே இருப்பார்கள். 35 டிகிரி நம் ஊரில் சாதாரண ஏப்ரல் பகல். காசிமேட்டுக்கு வாங்குகிறவர் ஐபி எண்ணோடு இந்த பி117ஐயும் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

வாங்கிய பின் மீதி எல்லாம் பொருத்துகிறவர் கையில். கறுத்துப்போன அந்த ஒரு சாண் ஒயர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: பல இழை ஒயர் விளக்குத் திரி மாதிரி. நுனியில் ஈரம் பட்டால் இழைகளுக்கு நடுவே தானாக ஏறும். அதனால் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர்தான் வேண்டும். இணைப்பை நன்றாக நெரித்து, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி, பசை ஓரத்தில் பிதுங்கும்வரை சுருக்க வேண்டும். வெறும் டேப் சுற்றுவது ஈரத்தை உள்ளே பொத்தி வைப்பதற்குச் சமம். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைக் கொஞ்சம் தாழ்வாகத் தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஃபைபர் போட்டில் அறுத்த ஓட்டையின் ஓரத்துக்கு ரெசின் பூசாமல் விடக்கூடாது; உள்ளே பிளைவுட் இருந்தால் வருடக்கணக்கில் தண்ணீர் குடிக்கும். ஸ்குரூ 316 ரக ஸ்டெயின்லெஸ்.

சிலிக்கோன் பசை பற்றி ஒரு வார்த்தை. கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காயும்போது வினிகர் நெடி அடிக்கும். அந்த நெடி அசிட்டிக் அமிலம், செம்பை அரிக்கும். ஒயர் இணைப்பைக் காப்பாற்ற என்று அதை அப்பினால், காப்பாற்ற நினைத்ததையே அது தின்னும். நியூட்ரல் க்யூர் என்று போட்ட டியூப்பைத்தான் கேட்க வேண்டும்.

படகு மட்டுமல்ல, ஜீப்பின் கம்பியில் மாட்டும் பாட் என்ற உருண்டை ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும், எண்ணூர் முகத்துவாரப் பக்கம் மணலிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. கறுப்புப் பாட் வெயிலில் 60 டிகிரி சூடாகி நிற்கிறது என்று வையுங்கள். வண்டி சட்டென்று தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று 28 டிகிரிக்குக் குளிர்கிறது. முழுதும் மூடிய பெட்டியில், காற்றழுத்தம் வெப்பத்தோடு சேர்ந்தே இறங்கும். கெல்வின் கணக்கில் 333லிருந்து 301க்கு வந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறைவு ஒரு மீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது முழங்கால் தண்ணீர்தான் பட்டது, ஆனால் ஒயர் நுழையும் ஊசிமுனை ஓட்டையில் ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பதுபோல் நீர் உள்ளே இழுக்கப்படும். போன நீர் திரும்பி வரத் தெரியாது. அதனால் ஒயர் நுழைவாயைப் பசையால் அடைத்து, நீர் விடாமல் காற்றை மட்டும் விடும் சவ்வு வைத்த பாட்டை வாங்குவது நல்லது. லாஞ்ச் கேபின் மேல் வைக்கும் பெட்டிக்கும் இதே கணக்குதான்.

வாட்ஸ் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவில் 400 வாட்ஸ் என்று போட்டிருக்கலாம். 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடும் பிளேயர், இன்ஜின் ஓடி 14.4 வோல்ட் கிடைத்தாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் தரக்கூடியது ஒரு பக்கத்துக்கு 26 வாட்ஸுக்கு மேல் இல்லை. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி எட்டால் வகுத்தால் வருவது அது. மின்னழுத்தத்தை உயர்த்தும் தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால்தான் அதற்கு மேல். ஃப்யூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் வைக்க வேண்டும். இது தீ சம்பந்தப்பட்டது, விட்டுக்கொடுக்கவே கூடாது.

கடைசியாக, யாரும் கேட்காமலே நான் டிரைவரிடம் எடுத்த பேச்சு காம்பஸ் பற்றியது. ஜிபிஎஸ் இருக்கிறது, சரி. பேட்டரி படுத்துவிட்டால் காம்பஸ்தான் கரை சேர்க்கும். சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஸ்பீக்கர் இடுக்கில் இருப்பது ஏறக்குறைய ஒரு டெஸ்லா, 25,000 மடங்கு. பெரும்பகுதி இடுக்குக்குள்ளேயே அடங்கினாலும், முதுகு வழியாகக் கசிவது காம்பஸ் முள்ளைத் திருப்பப் போதும். நல்லவேளையாக, தூரம் இரட்டித்தால் அந்தக் கசிவு எட்டில் ஒன்றாகிவிடும்.

அதனால் துளை போடும் முன் சோதித்தோம். டிரைவர் காம்பஸ் முன் குனிந்து நின்றார். நான் புது ஸ்பீக்கரைக் கையில் பிடித்து கேபின் பலகையோரமாக மெதுவாக நகர்த்திவந்தேன்.

"வா... வா... வரலாம்... நில்லு. ஆடுது."

அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அங்கிருந்து இரண்டு முழம் பின்னால் தள்ளி வைத்து மறுபடி பார்த்தோம். முள் அசையவில்லை. அங்கேதான் டிரில்லை வைத்தோம்.