விரல் நுனியில் 12 வெற்றிடங்கள்

பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டளைகள்: ஒரு ஃபங்ஷன், அதற்குள் ஒரு ஃபார் லூப், அதற்குள் ஓர் இஃப். அந்த இஃபுக்குள் எழுதும் வரி, ஓரத்திலிருந்து மூன்று படி உள்ளே தள்ளி நிற்கும். படிக்கு 4 ஸ்பேஸ் என்றால், வரி தொடங்கும் முன்பே 12 ஸ்பேஸ். கண்ணால் படிப்பவர் இதைக் கவனிக்கக்கூட மாட்டார். விரலால் படிப்பவர்?

பார்வையற்ற நிரலாளர்கள் சிலர் கீபோர்டுக்கு முன்னால் பிரெயில் டிஸ்ப்ளே என்ற நீளமான கருவியை வைத்துக்கொள்வார்கள். அதில் வரிசையாகக் கட்டங்கள், கட்டத்துக்கு 8 சிறு முனைகள். மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் படிகப் பட்டைகள் வேண்டிய முனைகளை மட்டும் மேலே தள்ளும். மேடு தட்டுவதை வைத்து விரல் எழுத்தை அறியும். முனைக்கொரு பட்டை வேண்டியிருப்பதால் கட்டம் கூடக் கூட விலையும் எகிறும். 40 கட்டக் கருவி என்று வைத்துக்கொள்வோம். 12 கட்டம் வெறுமையாகப் போனால் மிச்சம் 28. சற்று நீளமான வரி என்றால் பட்டனை அழுத்தி அழுத்தி நகர்த்தித்தான் படித்து முடிக்க வேண்டும்.

இதே இடத்தில் டேப் இருந்தால்? கீபோர்டின் டேப் விசை தரும் டேப் என்பது ஒரே ஓர் எழுத்து. அதன் அகலத்தைக் கோப்பு தீர்மானிப்பதில்லை, படிப்பவரின் எடிட்டர்தான் (நிரலைத் திறந்து எழுதும் மென்பொருள்) தீர்மானிக்கிறது. டேப்புக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் மூன்று படிக்கு 3 கட்டம் போதும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவரும் அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; எனக்கு 8 வேண்டுமென்றால் நான் 8 வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வரியை உள்ளே தள்ள டேப்பா ஸ்பேஸா என்று நிரலாளர்கள் போடும் சண்டையில் நான் வெகுநாள் ஸ்பேஸ் கட்சி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு கட்சி மாறிவிட்டேன். (டேப்பில் ஒரு தொல்லை உண்டு: அடுத்தடுத்த வரிகளின் நடுப்பகுதியை அதை வைத்து நேராக அடுக்க முடியாது. சரி, அடுக்காமல் இருந்தால் போயிற்று.)

காதால் படிப்பவர்களும் உண்டு. பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்), வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதை "12 ஸ்பேஸ்" என்று சொல்லும். வேண்டுமானால் சொல்லுக்குப் பதில் ஒலி எழுப்பும், உள்ளே போகப் போகச் சுருதி ஏறும்.

அந்த என்விடிஏவின் பெரும்பகுதி பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கிறது. படிக்கு 4 ஸ்பேஸ் என்று பைத்தானின் பெப் 8 நடைவிதி 2001 முதல் சொல்லிவருகிறது. என்விடிஏவின் கோடில் படிக்கு ஒரு டேப்.