திரையில் இல்லாத மஞ்சள்

"போன் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறப் புள்ளிகள்தான் இருக்கின்றன என்றால், மஞ்சள் எப்படித் தெரிகிறது? சிவப்பும் பச்சையும் கலந்து மஞ்சள் ஒளியாக மாறிவிடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

மாறாது. சிவப்பு அலை சிவப்பு அலையாகவே வருகிறது, பச்சை பச்சையாகவே வருகிறது. இரண்டும் கண்ணுக்குள் நுழையும்வரை அப்படியேதான் இருக்கின்றன. மஞ்சள் பிறப்பது அதற்கு அப்புறம்.

ஒளி மின்காந்த அலை, ஏறத்தாழ 380 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளம்தான் நமக்குத் தெரியும், விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அவற்றை நீலக் கூம்பு, பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்று சொல்வது வழக்கம். ஆனால் அவை மிக நன்றாக உள்வாங்கும் அலைநீளங்கள் சுமார் 420, 530, 560 நானோமீட்டர். 560 என்பது சிவப்பே இல்லை, மஞ்சள் கலந்த பச்சை! தவிர, ஒவ்வொரு கூம்பும் அகலமான ஒரு பரப்பை உள்வாங்குகிறது. ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்திருக்கிறது.

இனி வருவதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். கூம்பு செல்லில் ஆப்சின் என்ற புரதம் இருக்கிறது. அதன் மடியில் ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது அது. ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, உள்வாங்கியதும் அந்த வளைவு நிமிர்ந்துவிடும். அதற்கு ஆகும் நேரம், ஒரு நொடியை ஐந்து லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துண்டு அளவுதான். நிமிர்ந்த மூலக்கூறு புரதத்தின் வடிவத்தை மாற்ற, வேதிவினைகள் வரிசையாகத் தொடர்ந்து, கடைசியில் செய்தி நரம்புக்குப் போகிறது.

கவனியுங்கள்: நிமிர்த்தியது 540 நானோமீட்டர் ஃபோட்டானா, 600 நானோமீட்டர் ஃபோட்டானா என்பது அந்த நிமிர்வில் பதிவாவதே இல்லை. அலைநீளம் தீர்மானிப்பது ஒன்றை மட்டும்தான்: ஃபோட்டான் உள்வாங்கப்படும் வாய்ப்பு எவ்வளவு என்பதை. உள்வாங்கியபின் எல்லாம் ஒன்றே. கூம்பு செல் எண்ண மட்டுமே செய்கிறது. தனக்குப் பிடித்த அலைநீளத்தில் மங்கலான ஒளி வந்தாலும், பிடிக்காத அலைநீளத்தில் பலத்த ஒளி வந்தாலும் அதன் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம். தனியாக ஒரு கூம்புக்கு நிறமே தெரியாது! மங்கிய இருட்டில் நிறங்கள் மறைவதும் இதனால்தான். அப்போது வேலை செய்பவை குச்சி செல்கள். அவற்றில் இருப்பது ஒரே வகை.

மூன்று வகைக் கூம்புகளின் எண்ணிக்கைகளையும் ஒப்பிடும்போதுதான் நிறம் உண்டாகிறது. சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர் ஒளி 560 கூம்பை நன்றாகத் தூண்டும், 530 கூம்பை அதைவிடக் குறைவாக, 420 கூம்பைக் கிட்டத்தட்டத் தொடவே தொடாது. திரையின் சிவப்பையும் பச்சையையும் சரியான அளவில் சேர்த்தால் ஏறக்குறைய அதே விகிதம் கிடைத்துவிடும். அப்புறம் இரண்டையும் பிரித்தறிய மூளைக்கு வழியே இல்லை. முப்பட்டகத்தை வைத்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

சிவப்பும் நீலமும் கலந்த மெஜந்தா நிறம் வானவில்லில் ஏன் இல்லை என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. 560-உம் 420-உம் தூண்டப்பட்டு, நடுவிலுள்ள 530 மட்டும் அடங்கியிருக்க வேண்டும். எந்தத் தனி அலைநீளமும் அதைச் செய்யாது.

கண்ணில் மூன்று வகை உணர்விகள் இருக்கலாம் என்று ஆங்கில விஞ்ஞானி தாமஸ் யங் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஊகித்தார். 1861-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக எடுத்த மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒளியிட்டு வண்ணப் படம் காட்டினார். அன்று அதற்கு என்ன உபயோகம் என்று யாரால் சொல்லியிருக்க முடியும்? இன்று நாம் பார்க்கும் ஒவ்வொரு வண்ணத் திரையும் அதன் வாரிசு. உடனடிப் பயனைக் காட்டினால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு முழுக்க மனிதக் கண்ணின் அளவுக்குத் தைத்தது. பல பறவைகளுக்கு நான்கு வகைக் கூம்புகள் உண்டு, புற ஊதாவும் அவற்றுக்குத் தெரியும். நிஜப் பூவும் திரையில் தெரியும் அதன் படமும் நமக்கு ஒரே மஞ்சளாக இருந்தாலும், பறவைக்கு அவை இரண்டு வேறு நிறங்களாகவே தெரியக்கூடும்.